சரக்கு வாங்கும் கண்ணோடு புத்தகமும் வாங்குவோம்



நமது தொழிலுக்கு மாற்றம் புதிதல்ல. படியும் மரக்காலும் போய்க் கிலோகிராம் வந்தது. காகிதப் பொட்டலம் போய்ப் பிளாஸ்டிக் பை வந்தது. அந்தப் பையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. ஒவ்வொரு முறையும் நாம் கொஞ்சம் முணுமுணுத்தோம், பிறகு பழகிக்கொண்டோம். ஆனால் 2016-க்குப் பிறகு வந்த மாற்றங்கள், ஒன்றைப் பழகி முடிப்பதற்குள் அடுத்தது வாசலில் வந்து நிற்கும் வேகத்தில் வந்தன.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. 2018-ல் வால்மார்ட் நிறுவனம் ஃபிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வாங்கியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. சில்லறைக்கு அலைந்த நம் கல்லாவின் முன்னால் இன்று யு.பி.ஐ. அட்டை நிற்கிறது. பெருநகரங்களில் பத்து நிமிடத்தில் சாமான் வீட்டு வாசலுக்குப் போகிறது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது, பழைய விலை அச்சடித்த இருப்பை வைத்துக்கொண்டு நாம் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும்.

இவையெல்லாம் ஏன் வருகின்றன, எங்கிருந்து வருகின்றன, அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்துகொள்ள நம்மில் பெரும்பாலோர் நம்பியிருப்பது எதை? கையிலிருக்கும் போனை. யாரோ அனுப்பியதை யாரோ அனுப்ப, அது நம்மிடம் வருகிறது. நாமும் படித்துவிட்டு நாலு பேருக்கு அனுப்பிவிடுகிறோம்.

வதந்திக்குக் கொடுத்த விலை

பத்து ரூபாய் நாணயத்தின் கதையை மறந்திருக்க மாட்டோம். அது செல்லாது என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சை நம்பி, தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடைகளிலும் பேருந்துகளிலும் அதை வாங்க மறுத்தார்கள். அதுவரை வெளியிடப்பட்ட பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. அதன் பிறகும் பல இடங்களில் வாங்கத் தயங்கினார்கள். பத்து ரூபாய்க்காக வாடிக்கையாளரோடு வாய்ச்சண்டை போட்ட கடைகள் எத்தனை! கல்லாவில் தேங்கிப்போன நாணயம் எவ்வளவு!

2016 நவம்பரில் வட மாநிலங்களில் உப்புக்குத் தட்டுப்பாடு என்று ஒரே இரவில் வதந்தி பரவி, மக்கள் மளிகைக் கடைகளை மொய்த்தார்கள். மூன்று பக்கம் கடல் சூழ்ந்த, உப்பை ஏற்றுமதி செய்கிற நாட்டில் உப்புக்கு எப்படித் தட்டுப்பாடு வரும் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்தவர்கள் குறைவு.

இவை சிறிய விஷயங்கள். ஆனால் இதே வகைச் செய்தியை நம்பித்தான் நம்மில் சிலர் பெரிய முடிவுகளையும் எடுக்கிறோம். கடையைப் பெரிதாக்கலாமா, ஏஜென்சியை விட்டுவிடலாமா, தெரியாத நிறுவனத்துக்கு முன்பணம் கட்டிக் கிளைக்கடை உரிமை எடுக்கலாமா, தலைமுறையாக நடத்திய கடையை மூடிவிட்டு வாடகைக்கு விட்டுவிடலாமா, பிள்ளையைக் கடையில் உட்கார வைக்கலாமா, வேறு வேலைக்கு அனுப்பலாமா? ஒரு குடும்பத்தின் இருபது ஆண்டு வாழ்வைத் தீர்மானிக்கும் கேள்விகள் இவை. "இனி சில்லறை வியாபாரமே அவ்வளவுதான்" என்ற ஒரு வரிச் செய்தியை நம்பி இதற்கு முடிவு கட்டலாமா?

அதற்காகத்தான் நல்ல புத்தகம் வேண்டும் என்கிறோம். கதைப் புத்தகம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது மனதுக்கு. நாம் இங்கே பேசுவது நடந்த உண்மையை, காரண காரியத்தோடு, ஒருவர் சில ஆண்டுகள் உழைத்துத் திரட்டி எழுதிய நூல்களைப் பற்றி.

"கடையைப் பார்க்கவே நேரமில்லை, இதில் புத்தகமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. அதிகாலையில் சரக்கு எடுக்கப் போய் இரவு பத்து மணிக்குக் கதவை இறக்குகிற தொழில் நமது. ஆனால் மதியம் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் கடையில் ஈ ஓட்டுகிற நேரம் ஒன்று இருக்கிறதே! அந்த நேரத்தில் போனை எத்தனை முறை எடுத்துப் பார்க்கிறோம் என்று ஒரு நாள் எண்ணிப் பார்ப்போம். தினம் பத்துப் பக்கம் படித்தால் முந்நூறு பக்க நூல் ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

புத்தகமும் ஒரு கொள்முதல்தான்

நேரம் கிடைத்தாலும் எதைப் படிப்பது என்பது அடுத்த சிக்கல். புத்தகக் காட்சிக்குப் போனால் மலைபோல் குவிந்து கிடக்கிறது. "முப்பது நாளில் கோடீஸ்வரர்", "வெற்றியின் ரகசியம்" என்று பளபளப்பான அட்டைகள் கண்ணைப் பறிக்கின்றன. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள். இந்த அளவு நமக்குத் தெரியாததல்ல. மூட்டைச் சரக்கைப் பார்த்து வாங்கத் தெரிந்தவனுக்குப் புத்தகத்தையும் பார்த்து வாங்கத் தெரியும். அதே கண்தான் வேண்டும்.

முதலாவது, தயாரித்தவர் யார் என்று பார்ப்போம். நூலாசிரியர் அந்தத் துறையில் எத்தனை ஆண்டுகள் இருந்தவர்? நேரில் போய்ப் பார்த்தாரா, கணக்குகளைப் புரட்டினாரா, அல்லது நாலு புத்தகத்தைப் பார்த்து ஐந்தாவதை எழுதினாரா? இன்று இந்தக் கேள்வி முன்னைவிட முக்கியமாகிவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, இயந்திரத்தைக் கொண்டு நாளொரு புத்தகம் உற்பத்தி செய்வோர் கிளம்பினார்கள். அமேசான் நிறுவனமே 2023-ல், தன் தளத்தில் சுயமாகப் புத்தகம் வெளியிடுவோர் ஒரு நாளைக்கு மூன்று தலைப்புகளுக்கு மேல் போடக் கூடாது என்று வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. மிளகில் பப்பாளி விதை கலந்தால் கண்டுபிடிக்கிற நாம், இந்தக் கலப்படத்தையும் கண்டுபிடிக்கப் பழக வேண்டும்.

இரண்டாவது, தயாரிப்புத் தேதியைப் பார்ப்போம். வரிச் சட்டம், தொழில்நுட்பம் பற்றிய நூல் தயிர் மாதிரி, சீக்கிரம் புளித்துவிடும். ஜி.எஸ்.டி. பற்றி 2018-ல் வந்த கையேட்டை இன்று வாங்கினால் விகிதங்கள் பல தவறாக இருக்கும். வரலாறும் மனித இயல்பும் பற்றிய நூல் புளி மாதிரி. நன்றாக எடுத்து வைத்தது பழசானாலும் பயன்படும். எதைத் தயிராக வாங்குகிறோம், எதைப் புளியாக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

மூன்றாவது, ஊசி குத்தி மாதிரி பார்ப்போம். அட்டையையும் முன்னுரையையும் விட்டுவிட்டு, நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து இரண்டு பத்தி படித்தால் போதும். ஊர், ஆள், ஆண்டு, தொகை என்று பிடிப்பாக ஏதாவது இருக்கிறதா, அல்லது "நம்பினால் முடியும், முயன்றால் வெல்லலாம்" என்று காற்றடைத்து வைத்திருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். மொழிபெயர்ப்பு நூலானால் ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். நாக்குத் தடுக்கினால் வாங்க வேண்டாம்.

நான்காவது, நட்டக் கணக்கையும் எழுதியிருக்கிறாரா என்று பார்ப்போம். வரவை மட்டும் எழுதி, செலவை எழுதாத பேரேட்டை நாம் ஒப்புக்கொள்வோமா? வெற்றி பெற்ற நிறுவனங்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அவர்கள் செய்ததையெல்லாம் வெற்றிக்குக் காரணமாகச் சொல்கிற புத்தகங்கள் ஏராளம். 2001-ல் ஜிம் காலின்ஸ் எழுதிய 'குட் டு கிரேட்' உலகமெங்கும் விற்ற நூல். நன்றாக இருந்து மிகச் சிறந்ததாக உயர்ந்தவை என்று பதினொரு அமெரிக்க நிறுவனங்களை அது காட்டியது. அவற்றில் ஒன்றான சர்க்யூட் சிட்டி 2008-ல் திவால் மனு கொடுத்தது. இன்னொன்றான ஃபேனி மே நிறுவனத்தை அதே ஆண்டில் அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நூலில் சொல்லிய கருத்தெல்லாம் வீண் என்பதல்ல. அதே வழியில் போய்த் தோற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்காமல் நம்பக் கூடாது என்பதே.

ஐந்தாவது, எதிர்காலத்தை அடித்துச் சொல்கிற நூலைத் தள்ளி வைப்போம். 1968-ல் பால் எர்லிச் என்ற அமெரிக்க அறிஞர், 1970-களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்று ஒரு நூல் எழுதினார். அது லட்சக்கணக்கில் விற்றது. அதே காலத்தில்தான் இந்தியாவில் பசுமைப் புரட்சி வந்து கோதுமையும் நெல்லும் விளைச்சலில் உயர்ந்தன. 1999-ல் வந்த இன்னொரு நூல், அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான டவ் சில ஆண்டுகளில் 36,000-ஐத் தொடும் என்று அட்டையிலேயே போட்டது. அது தொட்டது 2021 நவம்பரில்தான். படித்தவர்கள் சொன்னதே இப்படியென்றால், "ஐந்து ஆண்டில் மளிகைக் கடையே இருக்காது" என்று மேடையில் பேசுபவரை எவ்வளவு நம்பலாம் என்று யோசிப்போம்.

நமக்கு உதவும் சில நூல்கள்

பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் போதாது. நமது தொழிலுக்கு நேரடியாக உதவும் சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலில் நிற்பது, மார்க் லெவின்சன் 2011-ல் எழுதிய, அமெரிக்காவின் ஏ அண்டு பி மளிகை நிறுவனத்தின் வரலாறு. 1859-ல் தேயிலை வியாபாரமாகத் தொடங்கிய இந்த நிறுவனம், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை நடத்தியது. தயாரிப்பாளர்களிடம் நேரடியாகப் பேசி அடிமாட்டு விலைக்கு வாங்கியது. ஊர் ஊராகச் சிறு மளிகைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். தொடர்கடைகளுக்குத் தனி வரி போட்ட மாநிலங்கள் பல. பெரிய கடைக்கு ஒரு விலை, சிறிய கடைக்கு ஒரு விலை என்று பாரபட்சம் காட்டுவதைத் தடுக்க 1936-ல் ராபின்சன்-பாட்மன் சட்டம் வந்தது. 1946-ல் நீதிமன்றம் அந்த நிறுவனத்தைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. இன்று நாம் கம்பெனிக்காரர்களிடம் கேட்கிற அதே நியாயத்தை, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள மளிகைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்!

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். சட்டம் வந்ததால் மட்டும் சிறு கடைகள் பிழைத்துவிடவில்லை. வாடிக்கையாளர்கள் காரில் ஏறிப் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்குப் போனார்கள். 1926-லேயே ஐ.ஜி.ஏ. என்ற அமைப்பில் சேர்ந்து, ஒரே பெயரில் கூட்டாகக் கொள்முதல் செய்த தனிக் கடைக்காரர்களுக்குப் போட்டியில் நிற்க ஒரு பிடி கிடைத்தது. ஏ அண்டு பி மட்டும் நிலைத்ததா? காலத்துக்கு ஏற்ப மாறத் தவறிய அந்த மலையும் சரிந்து, 2015-ல் கடைசியாகக் கதவைச் சாத்தியது. பெரியது என்பதற்காக எதுவும் நிலைப்பதில்லை. சிறியது என்பதற்காக எதுவும் அழிவதில்லை. கூட்டுக் கொள்முதலைப் பற்றி நம் சங்கக் கூட்டங்களில் பேசிப் பேசி விட்டுவிடுகிறோமே, அதை இந்த வரலாற்றோடு சேர்த்துப் படித்தால் அடுத்த கூட்டத்தில் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இரண்டாவது, வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டன் காலமான 1992-ஆம் ஆண்டிலேயே வெளியான அவருடைய சுயசரிதை. நமக்கு எதிர்த்தரப்பாயிற்றே என்று ஒதுக்க வேண்டாம். எதிர்க்கடைக்காரர் எப்படி யோசிக்கிறார் என்று அவர் வாயாலேயே கேட்பது லாபம்தானே! 1945-ல் நியூபோர்ட் என்ற சிற்றூரில் ஒரு கடையை எடுத்து, அதை அந்த வட்டாரத்தின் முதல் கடையாக வளர்த்தார். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் புதுப்பிக்கும் உரிமை எழுதப்படவில்லை. ஐந்து ஆண்டு முடிந்ததும் கட்டட உரிமையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார். வளர்த்த கடையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய் முதலிலிருந்து தொடங்கினார். நம்மில் எத்தனை பேர் வாய்ப்பேச்சு ஒப்பந்தத்திலோ, பதினொரு மாதப் பத்திரத்திலோ கடை நடத்துகிறோம்! இந்த ஒரு அத்தியாயத்துக்காகவே அந்த நூலைப் படிக்கலாம். ஆனால் இது வென்றவர் தன் கதையைத் தானே சொன்னது என்பதை நினைவில் வைத்து, லெவின்சன் நூலையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். எந்த விஷயத்திலும் இரண்டு தரப்பு நூல்களைப் படிப்பது, இரண்டு மண்டியில் விலை கேட்பது போல.

மூன்றாவது, அதே லெவின்சன் 2006-ல் எழுதிய, கப்பல் கன்டெய்னரின் கதை. 1956 ஏப்ரல் 26 அன்று நெவார்க் துறைமுகத்திலிருந்து ஐம்பத்தெட்டுப் பெட்டிகளோடு ஒரு கப்பல் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அந்த யோசனையைச் செய்துகாட்டியவர் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி. மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கிய செலவு ஒரேயடியாகக் குறைந்தது. மியான்மர் உளுந்தும் மொசாம்பிக் துவரையும் கனடா மசூரும் நம் கடைக்கு வந்து சேருவதற்குப் பின்னால் அந்தப் பெட்டி இருக்கிறது. பருப்பு விலை ஏன் ஏறுகிறது என்று கேட்பவர்கள் துறைமுகத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது, உளவியல் அறிஞர் டேனியல் கானமன் 2011-ல் எழுதிய நூல். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2002-ல் பெற்றவர் அவர். லாபம் தருகிற மகிழ்ச்சியைவிட, அதே அளவு நட்டம் தருகிற வலி அதிகம் என்பது அவர் ஆய்ந்து சொன்னவற்றில் ஒன்று. விற்காத சரக்கை அடக்க விலைக்குக் கீழே தர மனமில்லாமல், காலாவதி ஆகும் வரை அலமாரியில் வைத்திருக்கிறோமே, அதற்குக் காரணம் நம் கணக்கல்ல, மனம்தான் என்பது இதைப் படித்தால் புரியும். நூல் சற்றுக் கடினம். அவசரப்படாமல் படிக்க வேண்டும்.

ஐந்தாவது, சுவீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங்கின் 'ஃபேக்ட்ஃபுல்னஸ்', 2018-ல் வந்தது. உலக வறுமை, கல்வி, தடுப்பூசி பற்றிய எளிய கேள்விகளுக்குப் படித்தவர்கள்கூட, குரங்கு கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பதைவிட அதிகமாகத் தவறு செய்கிறார்கள் என்று காட்டியவர் அவர். உலகம் கெட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது என்று பேசுவதற்கு முன்னால் கணக்கைப் பார் என்கிறார். கணக்குப் பார்ப்பது நமக்குப் பிடித்த காரியம்தானே!

தமிழிலேயே படிக்க விரும்புவோருக்கும் குறைவில்லை. பொருளாதாரப் பேராசிரியர் எஸ். நீலகண்டனின் 'ஆடம் ஸ்மித் முதல் கார்ல் மார்க்ஸ் வரை' பொருளியல் சிந்தனைகளை நம் மொழியில் விளக்கும் நூல். யுவால் நோவா ஹராரியின் 'சேப்பியன்ஸ்' நூலை நாகலட்சுமி சண்முகம் தமிழாக்கம் செய்திருக்கிறார். மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பழங்காலத் தமிழர் வாணிகம்' நம் முன்னோரின் கடல் வணிகத்தைச் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, புதுச்சேரியில் வணிகராகவும் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷாகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பு இருக்கிறது. எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, ஆட்சியாளர் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தார். மாறுகிற உலகத்தைக் கவனித்து எழுதிய ஒரு தமிழ் வணிகரின் கையேடு அது. படிப்பும் எழுத்தும் வணிகனுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவரே பதில்.

காசு செலவில்லாமல் ஒரு வழி

இத்தனை நூலையும் வாங்க வேண்டுமா என்று மலைக்க வேண்டாம். நாம் கட்டுகிற சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அன்றிலிருந்து நம் பணத்தில் நடப்பவை ஊர் நூலகங்கள். சென்னையில் 2010 செப்டம்பரில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டன. காசு கட்டிய சரக்கை எடுத்து வராமல் விடுகிற வியாபாரி உண்டா? ஊர் நூலகத்தில் உறுப்பினராகி, இல்லாத நூலை வாங்கி வைக்கும்படி எழுதிக் கேட்பது நம் உரிமை.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கிளையின் அலுவலகத்திலும் ஒரு அலமாரி வைப்போம். நூறு நூல் வேண்டாம், தேர்ந்தெடுத்த இருபது போதும். ஆங்கில நூலானால், கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளில் ஒருவரைப் படிக்கச் சொல்லி, மாதக் கூட்டத்தில் கால் மணி நேரம் தமிழில் அதன் சாரத்தைச் சொல்ல வைப்போம். பிள்ளைகளுக்குக் கடைத்தொழில் மீது மரியாதை வரவும் அது வழி செய்யும். பெரியவர்கள் தங்கள் அனுபவத்தை வைத்து, "இது நம் ஊருக்குப் பொருந்தும், இது பொருந்தாது" என்று விவாதிக்கலாம். புத்தகம் சொன்னது என்பதற்காக அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் நடந்தது அம்பாசமுத்திரத்தில் அப்படியே நடக்காது. எது ஒத்துப்போகும், எது போகாது என்று பிரித்தறிவதே படிப்பின் பயன்.

புத்தகம் படித்த மாத்திரத்தில் வியாபாரம் பெருகிவிடும் என்று நாம் சொல்லவில்லை; அப்படிச் சொல்கிற புத்தகத்தை வாங்க வேண்டாம் என்றுதான் மேலே சொன்னோம். ஆனால் அடுத்த முறை ஒரு புதிய சட்டமோ, புதிய போட்டியோ வாசலில் வந்து நிற்கும்போது, இதுபோல வேறெங்கோ ஒருமுறை வந்தது, அங்கே இன்னார் இப்படிச் செய்து பிழைத்தார், இன்னார் இப்படிச் செய்து கெட்டார் என்று நாலு உதாரணம் மனதில் இருந்தால், பயத்தில் முடிவெடுக்க மாட்டோம். ஒரு நல்ல நூலின் விலை இரண்டு கிலோ நல்லெண்ணெய்க்கு மேல் போகாது. பயத்தில் எடுத்த ஒரு தவறான முடிவின் விலை ஒரு கடை.

இந்த மாதமே ஒரு நூலில் தொடங்குவோம். படித்தவர்கள் கூட்டத்தில் சொல்வோம், கேட்டவர்கள் படிப்போம்.